ஃபேனை நான் பார்த்துக்கொள்கிறேன், பங்காளி

என் அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன், அதையே கடை அடைக்கும்போதும் இன்னொரு தடவை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோம், அப்புறம் எதற்கு அப்பா உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் சொல்ல வாய் வராத விஷயம் அம்மா. இரண்டு ஞாயிறாக முயற்சி செய்து பார்த்தேன், நீ ஹலோ என்றதும் சாப்பிட்டாயா, குளிர் எப்படி, குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று எதையாவது கேட்டு வைத்துவிட்டேன். போனை வைத்த பிறகு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு உன் அத்தை, "சொல்ல வந்ததை மென்னு முழுங்கிட்டு இப்ப சுவத்துக்கிட்ட சொல்றியாடா" என்று கேட்டுவிட்டாள். அவளிடம் எதை மறைக்க முடியும்.

வீட்டு விஷயங்களை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். முட்டி வலிக்கு டாக்டர் கொடுத்த தைலத்தைத் தடவிக்கொண்டுதான் இருக்கிறேன், வலி போனதோ இல்லையோ வாசனை வீட்டை விட்டுப் போகவில்லை என்று அத்தை முணுமுணுக்கிறாள். சர்க்கரை போன மாதத்தைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அது என் கட்டுப்பாட்டினால் என்று நானும் தன் சமையலினால் என்று அவளும் சொல்லிக்கொள்கிறோம். அவளுக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டே நான் கழுவிய பாத்திரத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறாள், இரண்டு கண்ணும் சரியானால் என் கதி என்ன ஆகுமோ. குளியலறைச் சுவரில் மறுபடி ஈரம் ஏறுகிறது, கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் நாளைக்கு நாளைக்கு என்கிறார். கடையை இப்போது மத்தியானம் வரைக்கும்தான் திறக்கிறேன். சின்ன ஃபேன், மிக்சி மோட்டார் இந்த மாதிரி வேலைகளைத்தான் எடுத்துக்கொள்கிறேன். பம்ப் மோட்டாரை மேஜைமேல் தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டும், ஒரு பக்கம் நான், மறுபக்கம் கடையில் பாதிப் பங்குக்காரரான என் பங்காளி, உன் பெரியப்பா என்று இருபத்தாறு வருஷம் தூக்கினோம். இப்போது யாராவது பெரிய மோட்டாரோடு வந்தால் கடையில் இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இடம் நிறையவே இருக்கிறது.

பெரியப்பா போன அன்று சாயங்காலம் நீ போனில் அழுதுகொண்டே கேட்டாய் அல்லவா, "நீதானேப்பா பக்கத்துல இருந்தே, நிம்மதியாப் போனாரா" என்று. நிம்மதியாத்தான் போனார் என்று நான் சொன்னேன். அது எனக்குத் தெரியாது பாப்பா. தெரியாமலே சொன்னேன். உன்னிடம் சொன்னதாவது உன் மனசு ஆறட்டும் என்று சொன்னது. அவர் மகளிடம், உன் அக்காவிடம், அன்றைக்கே அதைவிடப் பெரிய பொய் ஒன்றைச் சொன்னேன். அவள் ரயிலிலிருந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள், அதற்குள் எல்லாம் முடிந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. தோளில் இருந்த பையைக்கூட இறக்கி வைக்காமல் வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சித்தப்பா, அப்பா கலிமா சொன்னாரா, யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை தானாக ஆடிவிட்டது. சொன்னார் என்று வாயாலும் சொல்லிவிட்டேன். அவள் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள், அதற்குப் பிறகுதான் அழுதாள். வந்து போன சொந்தக்காரர்கள் எல்லோரிடமும், எங்கப்பா கலிமா சொல்லிட்டுத்தான் போனார், சித்தப்பா கூடவே இருந்தார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கலிமா என்ற பெயர் எனக்கும் காதில் விழுந்ததுதான், அதற்கு மேல் அன்றைக்குத் தெரியாது. பிறகுதான் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இறைவன் ஒருவன்தான் என்று சாட்சி சொல்கிற வாக்கு அது, கடைசி மூச்சோடு அது நாக்கில் இருக்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுவார்கள், தானாகச் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் காதோரம் மெதுவாகச் சொல்லிக் கொடுப்பாராம். ஒருவர் வாழ்நாள் முழுக்கக் காத்துவைத்த ஆசை அது, அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். நான் என்ன செய்தேன் என்று கேள். அன்று காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் பங்காளி பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தேன், பெருமாள் தீர்த்தத்தை இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி அதில் வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்தால் டாக்டர் கையை விரித்துவிட்டார், உடனே மகளைக் கூப்பிடுங்கள் என்றார். அவளுக்குப் போன் போட்டேன், அவளும் முதல் ரயிலைப் பிடித்தாள். ஆறு கட்டில் போட்ட வார்டு, ஜன்னலோரக் கட்டில் அவருடையது, பச்சைத் திரை, மூக்கில் ஆக்சிஜன், கையில் டிரிப் ஊசி. மத்தியானம் இரண்டரை மணிக்கு மேல் மூச்சு மாறியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் அப்பாவுக்கும் உன் அம்மாவுக்கும் என்ன செய்தேனோ அதையேதான் அவருக்கும் செய்தேன். ஸ்பூனில் தீர்த்தத்தை எடுத்து இரண்டு தடவை வாயில் விட்டேன். காதருகே குனிந்து ராம ராம என்று சொன்னேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அதைச் செய்தபோது என் மனசில் கள்ளம் எதுவும் இல்லை, கூடப் பிறந்தவனுக்குச் செய்வதாகத்தான் நினைத்தேன், உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நம் ஆள், வேற்று ஆள் என்று வித்தியாசம் பார்க்காமல் செய்கிறோமே என்று.

எல்லாம் ஒண்ணுதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான், உனக்குத் தெரியாததா. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கேட்கிற காது ஒன்றுதான் என்று நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போதே உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதை இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே வேறு எதையும் கற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். எங்கள் கடையில் ஒருவர் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றும்போது மற்றவர் பேசமாட்டோம், சுற்று எண்ணிக்கை ஒன்று தப்பினால் மோட்டார் சூடாகிவிடும். அதே பழக்கத்தில் அவர் உள்ளறையில் தொழும்போதும் நான் வாய் திறக்கமாட்டேன். சாணை மெஷினை நிறுத்திவிடுவேன், ரேடியோவைக் குறைப்பேன், வாடிக்கைக்காரர் வந்தால் கையைக் காட்டி உட்காரச் சொல்வேன், செப்புக் கம்பித் துணுக்கு காலில் குத்தாமல் இருக்க முன்னாலேயே இடத்தைப் பெருக்கி வைப்பேன். எத்தனை நிமிஷம் ஆகும், பாயை எங்கே சுருட்டி வைப்பார் எல்லாம் தெரியும். மெஷினை நிறுத்தத் தெரிந்ததே தவிர, என்ன சொல்லித் தொழுகிறீர்கள் பங்காளி என்று ஒரு நாள் கேட்கத் தோன்றவில்லை. அவரோ என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். என் விரத நாள் எனக்கே மறந்துபோகும், அவருக்கு மறக்காது, அன்றைக்குக் கடைக்குள் முட்டை வாசனைகூட வராது. உன் அம்மா போன அன்று நான் தலைகால் புரியாமல் உட்கார்ந்திருந்தேன், அவர்தான் சாஸ்திரிகளிடம் போய் என்னென்ன வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி எள்ளிலிருந்து பானை வரைக்கும் வாங்கி வந்தார். வருஷா வருஷம் அம்மாவின் திதியை எனக்கு முதலில் ஞாபகப்படுத்துவதும் அவர்தான். அவர் ஒரு நாளும் உங்கள் சாமியும் எங்கள் சாமியும் ஒண்ணு என்று சொன்னதில்லை. உங்க வழியில இதுக்கு என்ன செய்யணும் என்றுதான் கேட்பார்.

பங்காளி என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு இத்தனை வருஷம் சண்டை போடாத பங்காளிகளை ஊரில் பார்த்ததில்லை என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்வார்கள். சண்டை வராததற்குக் காரணம் அவர்தான் என்று இப்போது தெரிகிறது. கடைச் சுவரில் மூன்று மதத்துச் சின்னமும் சேர்ந்த படம் ஒன்று நான் மாட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை அவர் பள்ளிவாசலுக்குப் போகிற நேரத்தில் நான் படத்தைத் துடைத்து மூன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை, "எங்க பக்கத்துக்கு மட்டும் பொட்டு வேணாமே பங்காளி" என்றார். சாமிக்குச் சாமி ஓரவஞ்சனை பண்றவனா நான் என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. போன வாரம் அந்தப் படத்தை இறக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பங்கு கண்ணாடியில் சந்தனக் கறை ஏறி மங்கிப்போயிருக்கிறது, பிறை இருக்கும் பக்கம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. சனிக்கிழமை காலையில் கடையைத் திறப்பவர் அவர்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை வருஷமாக வாராவாரம் துடைத்திருக்கிறார். போன வருஷம் கோயில் கூட்டத்தில் மத ஒற்றுமையைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்களே, நீகூட வீடியோ பார்த்துவிட்டு அப்பா கலக்கிட்டே என்றாய். நானும் பங்காளியும் எப்படி ஒரே கடையில் ஒரே மனசாக இருக்கிறோம் என்று அரை மணி நேரம் பேசினேன், நல்ல கைதட்டல். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது, "நல்லாப் பேசினீங்க பங்காளி, ஆனா நீங்க சொன்ன ஆளு நான் இல்ல" என்றார். தன்னடக்கம் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தேன். என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று அன்றைக்காவது கேட்டிருக்கலாம்.

இந்தப் பொய்யை அப்படியே விட்டுவிடலாம், அவளுக்கு அது ஆறுதலாகத்தானே இருக்கிறது என்று பத்துப் பன்னிரண்டு நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் காலையில் எங்கேயோ நினைப்பாகப் பூஜை அலமாரியில் பூ வைத்துக்கொண்டிருந்தேன். அத்தை ஒற்றைக் கண்ணோடு வந்து பார்த்துவிட்டு, "பிள்ளையார் தலையில துளசியை வச்சிருக்கியேடா, இத்தனை வயசாகியும் யாருக்கு எது ஆகும்னு தெரியலையா" என்று எடுத்து அந்தப் பக்கம் பெருமாளுக்கு வைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. எல்லாம் ஒரே சாமி என்று நம்புகிற வீடுதான் நம்முடையது. அப்படியும் பெருமாளுக்குத் துளசி, சிவனுக்கு வில்வம், பிள்ளையாருக்கு அருகம்புல் என்று ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த முறையைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்கிறோம், மாற்றிச் செய்துவிட்டால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கல்லுக்கும் படத்துக்கும் இத்தனை பார்க்கிற நான், உயிரோடு எதிரே உட்கார்ந்து டீ குடித்த மனிதனுடைய வாசலில் மட்டும் முறை என்று ஒன்றே கிடையாது என்பது போலக் கைக்கு வந்ததைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்திருக்கிறேன். மற்ற மதங்களை மதிக்கச் சொல்லித்தான் நம் பெரியவர்கள் நம்மை வளர்த்தார்கள். மதிப்பது என்றால் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. அதைச் செய்து காட்டிக்கொண்டு ஒருவர் என் எதிரிலேயே இருபத்தாறு வருஷம் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் மகளிடமும் நான் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. அவளுக்கு எது ஆறுதல் என்று அவளைக் கேட்காமல் நானே முடிவு செய்து ஒரு பொய்யைக் கொடுத்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் அக்கா வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். இரும்பு பீரோ திறந்து கிடந்தது, அவருடைய வேலைச் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள், சால்டரிங் பொறி பட்டு முன்பக்கம் எல்லாம் ஓட்டை விழுந்த சட்டைகள், யாருக்கும் கொடுக்க முடியாது, ஆனாலும் மடிக்கிறாள். வாங்க சித்தப்பா என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவர் கலிமா சொல்லி நான் கேட்கவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை, எனக்கு அது தெரியாது, நான் என் சாமி பேரைச் சொல்லித் தீர்த்தம் கொடுத்தேன், உன்னிடம் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் கோபப்படவில்லை. கையில் இருந்த சட்டையை முழுசாக மடித்து வைத்துவிட்டு, "போன் எங்கே வச்சிருந்தீங்க" என்று கேட்டாள். சட்டைப் பையில் என்றேன். "நான் ரயில்லதான் இருந்தேன் சித்தப்பா. போனைக் கையில வச்சுக்கிட்டே பதினோரு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஒரு தடவை கூப்பிட்டு அவர் காதுல வச்சிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றாள். பாப்பா, காலையில் அவளுக்கு நம்பர் போட்ட அதே போன் என் நெஞ்சுக்கு மேலேயே இருந்தது. தெரியாதவனாக இருந்தால் தெரிந்தவரைக் கூப்பிட்டிருப்பேன். நான்தான் எல்லாம் தெரிந்தவன் ஆயிற்றே, எல்லாம் ஒண்ணு என்று தெரிந்தவனுக்கு யாரைக் கேட்க வேண்டும்.

அடுத்த சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "அப்புறம் என்ன நடந்துச்சு, கடைசி வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லுங்க, இனிமே எதையும் எனக்காக நல்லதா மாத்திச் சொல்லாதீங்க" என்றாள். சொல்ல அதிகம் இல்லை. தீர்த்தம் கொடுத்த பிறகு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் ஃபேனைக் காட்டினார் என்றேன். எந்த ஃபேன் என்று கேட்டாள். அவர் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு பழைய சீலிங் ஃபேன், பேரிங் போய்க் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, முதல் நாள் அட்மிட் ஆனபோதே, இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ஒரு பேரிங் மாத்த மாட்டாங்களா என்று நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அதனால் அவர் விரலைத் தூக்கி மேலே காட்டியதும் எனக்கு அதுதான் தோன்றியது, போகிற நேரத்திலும் தொழில் புத்தி போகவில்லையே என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, ஃபேனை நான் பாத்துக்கறேன் பங்காளி என்று சொன்னேன். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா எழுந்து நின்றுவிட்டாள். எந்தக் கை என்றாள். வலது கை. ஒரு விரல் மட்டுமா. ஆமாம், ஆள்காட்டி விரல், மற்றதெல்லாம் மடங்கி இருந்தது. அவள் அப்படியே பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது ஃபேன் இல்ல சித்தப்பா" என்றாள். இறைவன் ஒருவன் என்று சாட்சி சொல்லும்போது நீட்டுகிற விரல் அது. நாக்கு எழும்பாதவர்கள் விரலால் சொல்வார்களாம். "தொழுகையில உக்காரும்போது தினமும் அந்த விரலை நீட்டுவாரே, நீங்க பாத்ததே இல்லையா" என்று கேட்டாள். எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன் அம்மா. நான் சுற்று எண்ணுவது போல அவரும் ஏதோ எண்ணிக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். அழுது முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னிக்குச் சொன்னது பொய்யில்ல சித்தப்பா, அவர் சொல்லிட்டுத்தான் போயிருக்கார், நீங்க இன்னிக்கு வந்து சொல்லலைன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது" என்றாள். சனிக்கிழமை ரயில் ஏற்றிவிடப் போனேன், தொழுகைப் பாயையும் அந்த ஓட்டைச் சட்டைகளில் ஒன்றையும் மட்டும் எடுத்துக்கொண்டாள், மற்றதை எல்லாம் கொடுத்துவிட்டாள். முகம் தெளிந்திருந்தது. வரேன் சித்தப்பா, மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க என்று எப்போதும் போலச் சொன்னாள். அவளுக்கு நீ ஒரு போன் பண்ணு. எனக்காக ஒன்றும் பேச வேண்டாம், அவள் அப்பாவைப் பற்றிப் பேசு, பேச ஆள் இல்லாமல் இருக்கிறாள். நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்திலும் பல மதத்துக்காரர்கள், ஒன்றும் நம்பாதவர்களும் இருப்பதாகச் சொல்வாயே, அவர்கள் நல்ல நினைவோடு இருக்கும்போதே, கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதி வைத்துக்கொள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதே. குழந்தைக்கு நல்லதைச் சொல்லிக் கொடு, எல்லாச் சாமியையும் கும்பிடட்டும், ஆனால் கும்பிடுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரரிடம் எப்படி என்று கேட்கச் சொல். மாப்பிள்ளைக்கு என் ஆசி.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை மூடினேன். அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள், சாப்பிட்டுவிட்டு வந்து உறையில் போட மடித்தேன், மடிக்க மனசு வரவில்லை. அக்காவிடம் ஒண்ணு விடாமல் சொன்னேன் என்று மேலே எழுதியது போல இருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டேன். அவர் விரலைத் தூக்கினார் என்று சொன்னேனே, நான் ஃபேனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயால் மட்டும் சொல்லவில்லை. அந்தக் கையைப் பிடித்து இறக்கிக் கட்டிலில் வைத்தேன். கையை ஆட்டாதீங்க, ஊசி கழண்டுடும், பேசாமப் படுங்க என்று சொல்லி அதன்மேல் என் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் உள்ளங்கைக்குக் கீழே அந்த விரல் இன்னும் இரண்டு தடவை நிமிரப் பார்த்தது. நரம்பு துடிக்கிறது என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அப்புறம் நின்றுவிட்டது. அவள் முகம் தெளிந்து நிற்கிறபோது இதை எப்படிச் சொல்வேன் பாப்பா. எதையும் மாத்திச் சொல்லாதீங்க என்று கேட்ட பெண்ணிடம் இதை எப்படிச் சொல்லாமல் இருப்பேன். சொல்ல வேண்டுமா, என்னோடு போகட்டுமா என்று எனக்குத் தெரியவில்லை, யோசித்து நீதான் எழுத வேண்டும். தினமும் கடையில் கம்பியைச் சுற்றும்போது அந்தக் கையால்தான் சுற்றுகிறேன். உனக்கு ஒன்றே ஒன்றுதான் மறுபடியும் சொல்கிறேன். அங்கே உன் கட்டில்களில் யாராவது போகிற நேரத்தில் கையைத் தூக்கினால், எதற்கு என்று உனக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இறக்கிவிடாதே அம்மா. தூக்கினபடியே இருக்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்திரு.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா